மூன்று முழம்

கெங்கம்மாவிடம் கேள்வி கேட்கப் போனவர்கள் யாரும் பதிலோடு திரும்பியதில்லை. கையில் ஏதாவது ஒரு வேலையோடு திரும்பினார்கள். அப்படியும் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

அவள் சாமியாரிணி அல்ல. குறி சொல்கிறவளும் அல்ல. ஐந்து உருப்படி வைத்திருந்தாள், மூன்று வெள்ளாடு, இரண்டு செம்மறி. பழைய கல்குவாரியை ஒட்டி உழாமல் கிடந்த கரம்பில் முளையடித்து, கயிற்றில் கட்டி மேய்த்தாள். வயது நாற்பத்திரண்டு இருக்கும். அவள் பேசியதைவிட அவளைப் பற்றி ஊர் பேசியதுதான் அதிகம்.

ஒரு புதன்கிழமை காலையில் எத்திராஜ் அவளைத் தேடி வந்தார்.

எத்திராஜுக்கு அறுபத்தொன்று. கல்லுடைப்போர் சங்கத்தின் தலைவர். பள்ளிக்கூடம் மூன்றாவதோடு சரி. மற்றதெல்லாம் துண்டறிக்கை படித்துத் தெரிந்துகொண்டது. மனு கொடுத்தால் ரசீது வரும், நியாயம் வராது என்று இருபத்தைந்து வயதிலேயே கண்டுகொண்டவர். அவரோடு கொடி பிடித்தவர்களில் பாதிப் பேர் இன்று காரில் போகிறார்கள். அவர் சைக்கிளில் வந்தார். அது சைக்கிள்தான் என்பதை யாரும் கவனிக்காமல் போக அவர் ஒருநாளும் விட்டதில்லை.

சைக்கிளை வேப்பமரத்தில் சாத்திவிட்டு நின்றார். கேரியரில் சங்கக் கொடியைக் கட்டும் கயிறு சுருட்டி வைத்திருந்தது.

"நீதான் கெங்கம்மாவா?"

"ஆமாங்க தலைவரே."

"என்னைத் தெரியுமா?"

"தெரியாம என்னா? உங்க குரல் மலைக்கு இந்தப் பக்கமே கேட்குமே."

எத்திராஜின் முகம் கொஞ்சம் இளகியது. வந்த காரியத்தைச் சொன்னார்.

மலைக்கு அந்தப் பக்கம் ஓடுகிற குவாரியில் நாற்பது குடும்பம் வேலை செய்தது. குடியிருந்த குடிசைகளும் குவாரிக்காரனுடையவை. சங்கு ஊதாமல் பாறைக்கு வெடி வைத்தார்கள். போன மாதம் ஒரு கல் பறந்து வந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்ததில், உலை வைத்துக்கொண்டிருந்தவளுக்கு இரண்டு காலும் போயிற்று. வெடிக்கு முன்னால் சங்கு ஊத வேண்டும், குடிசைப் பக்கம் வெடி வைக்கக் கூடாது. இவ்வளவுதான் கோரிக்கை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எல்லோரும் சம்மட்டியைப் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும் என்று எத்திராஜ் கூட்டத்தில் கேட்டார்.

"கை தூக்குங்கன்னேன். ஒருத்தன் தூக்கல. ஒரு கிழவி எழுந்து, போய் ஆட்டுக்காரி கெங்கம்மாவைக் கேளுன்னா. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்களும் சிரிச்சீங்களா?"

"நான் ஏன் சிரிக்கிறேன்?"

"சரி, கேளுங்க."

"இந்தச் சனம் ஏன் வரமாட்டேங்குது? மேல கல்லு விழுது. அதே கூரைக்குக் கீழ பாயைப் போட்டுப் படுத்துக்குது. ஆட்டு மந்தை!"

"மெதுவாங்க. இதுங்க காதுல விழப்போகுது."

எத்திராஜ் திரும்பிப் பார்த்தார். ஐந்து ஆடுகளும் அவரையே பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"ஆடு கட்டத் தெரியுமா தலைவரே?"

"ஆடு கட்டுறதுல தெரியறதுக்கு என்னா இருக்கு?"

"அப்ப நல்லதாப் போச்சு. அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் தினம் காலையில வந்து கட்டுங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

அவள் ஒரு கயிற்றை நீட்டினாள்.

எத்திராஜ் சைக்கிள் வரைக்கும் நடந்தார். ஹேண்டில்பாரில் கை வைத்தார். தூக்காத நாற்பது கைகள் அவர் கண்ணில் நின்றன. திரும்பி வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார்.

முதலில் சுட்டியைக் கட்டினார். நெற்றியில் வெள்ளைப் புள்ளியோடு, வயிறு தள்ளி நின்ற சினை ஆடு அது. கழுத்தில் கயிற்றைப் போட்டு ஓர் இழு இழுத்து, "ஆச்சு" என்றார்.

கெங்கம்மா அந்த முடிச்சை அவிழ்த்தாள். அதே முடிச்சை அவர் மணிக்கட்டில் போட்டாள். இழுத்தாள். கயிறு இறுகியது. இன்னும் இழுத்தாள்.

"ஏய், ஏய், வலிக்குது!"

"கழுத்துல சுருக்குப் போடறது கோர்ட்டு வேலை தலைவரே. நம்ம வேலை இல்ல."

இழுத்தாலும் இறுகாத முடிச்சு ஒன்றைக் காட்டினாள். கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்க்கச் சொன்னாள். நுழைந்தது.

"இப்ப விட்டுடலாமா?"

"இன்னும் இல்ல. முதல்ல நீங்க மேயணும்."

"என்னாது?"

"கயித்து நுனியை உங்க மணிக்கட்டுல கட்டிக்குங்க. கயிறு விறைப்பா நிக்கிற வரைக்கும் தள்ளிப் போங்க. அப்படியே முளையைச் சுத்தி ஒரு சுத்து வாங்க. உங்களை எது தடுக்குதோ அதுதான் ஆட்டைச் சாகடிக்கும்."

எத்திராஜ் நாலாபுறமும் பார்த்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மேடையில் ஏறினால் இரண்டு மணி நேரம் இறங்காதவர், மணிக்கட்டில் கயிற்றோடு நடந்தார். கால் சுற்றுப் போவதற்குள் கயிறு ஒரு கட்டையில் மாட்டிக்கொண்டது. அவரும் நின்றார்.

"இது ஆடா இருந்தா என்னா பண்ணும்?" என்றாள் கெங்கம்மா.

"பின்னால வரும்."

"வராது. இன்னும் முன்னாலதான் இழுக்கும். கட்டையைச் சுத்திச் சுத்தி, கழுத்து தரையில படற வரைக்கும் போகும். அதுக்குப் பின்னால வரத் தெரியாது. தெரிஞ்சவங்க கட்டணும்."

முளையைப் பிடுங்கி வேறு இடத்தில் அடித்தார். மறுபடி நடந்தார்.

"தலைவரே, புல்லு எப்படி? இனிக்குதா?" கொல்லையிலிருந்து ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்து உருண்டார்கள்.

எத்திராஜின் காது மடல் சிவந்தது. ஆனால் சுற்றை முடித்தார். ஐந்து உருப்படிக்கும் ஐந்து சுற்று.

"தினமும் இப்படியா?"

"தினமும்தான். நேத்து இல்லாத கல்லு இன்னிக்கு இருக்கும்."

மறுநாள் ஒரு செம்மறியைத் தனியாகக் கட்டினார். அங்கே புல் நன்றாக இருந்தது. ஆடு வாய் வைக்கவில்லை. கத்தியது, முளையைப் பிடுங்கிவிடுவது போல் இழுத்தது, நின்று நடுங்கியது.

"நோய் கண்டுடுச்சா?"

"நோயெல்லாம் இல்ல. வெள்ளாடு தனியா நின்னு மேயும். செம்மறிக்கு இன்னொரு செம்மறி கண்ணுல படணும். இல்லன்னா பசியோட நிக்கும்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினார். அரை மணி நேரத்தில் இரண்டு கயிறும் பின்னிக்கொண்டன. அவிழ்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

"ஒன்னு முகத்தை ஒன்னு பார்க்கணும். ஒன்னு வட்டத்துல ஒன்னு கால் வைக்கக் கூடாது," என்றாள் கெங்கம்மா.

"எங்க சங்கத்தையே ரெண்டா உடைச்சது இதுதான்," என்றார் எத்திராஜ். அன்றைக்கு முதல் தடவையாகத் தானும் சிரித்தார்.

மூன்றாம் நாள் அவருக்குக் கோபம் வந்தது.

கரம்பின் ஒரு பக்கம் பழைய குவாரியின் விளிம்பு. அதற்குக் கீழே எட்டு முழத்தில் ஒரு பாறைப் படி அகலமாக ஓடியது. ஆள் நடமாட்டம் நின்று பல வருடம் ஆனதால் அந்தப் படி முழுக்கப் பச்சை. பக்கத்து ஊர் மந்தை ஒன்று வந்தது. அவிழ்த்து விட்ட ஆடுகள் விளிம்பில் நின்று பார்த்தன, பாறைக்குப் பாறை கால் வைத்துத் துள்ளி இறங்கின, வயிறு நிறைய மேய்ந்தன, வந்த வழியே ஏறி வந்தன.

விளிம்பிலிருந்து பதினோரு முழம் தள்ளி சுட்டியின் முளை இருந்தது. அதன் கயிறு பத்து முழம். சுட்டி கயிறு விறைக்கும் வரை போய் நின்று, பச்சையைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது.

"இது என்னா நியாயம்? அதுங்க தின்னுது, இது பார்க்குது."

"மந்தைக்கு ஆள் இருக்கான், நாய் இருக்கு. எனக்கு இருக்கறது ரெண்டு கை. ஒன்னுல அருவா. இதுங்க கடலைக் கொல்லையில வாய் வச்சா புடிச்சி பட்டியில அடைச்சிடுவாங்க."

"அதுக்குன்னு இவ்வளவு குட்டையாவா?"

"நடந்து பார்த்துதான் கட்டினேன்."

"சினையா இருக்கற ஆடு! இன்னும் நாலு முழம் விட்டா உனக்கு என்னா குறைஞ்சிடும்? முதலாளி மாதிரிப் பேசறியே."

கெங்கம்மா தழை அறுக்கப் போய்விட்டாள்.

அப்போது மலைக்கு அந்தப் பக்கம் வெடி வெடித்தது. முன்னால் சங்கு ஊதவில்லை. தரை அதிர்ந்தது. ஐந்து ஆடுகளும் ஒரே நேரத்தில் கயிற்றை இழுத்து, முளை பிடித்து நிறுத்தியதும் நின்றன. எத்திராஜ் மலையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். யார் கூரையோ என்று நினைத்தார்.

மதியம் வேப்பமர நிழலில் கெங்கம்மா அவருக்கும் கூழ் ஊற்றினாள். வெங்காயம் நறுக்கிக் கொடுத்தாள். எத்திராஜ் கூழைக் குடித்துக்கொண்டே பழைய போராட்டத்தைப் பற்றிச் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதே குவாரியில் நடந்தது.

"பதினோரு குடும்பம் என் ஒரு சொல்லுக்கு வெளிய வந்தாங்க. அன்னிக்குச் சாயந்தரமே என்னைப் புடிச்சி உள்ள வச்சிட்டான். இருபத்தெட்டு நாள். ஜாமீன் வேணாம்னுட்டேன்."

"உள்ள சோறு போட்டாங்களா?"

"மூணு வேளையும் போட்டான்."

கெங்கம்மா இன்னொரு வெங்காயத்தை நறுக்கினாள்.

"ஏன் கேட்குற?"

"அந்தப் பதினோரு குடும்பத்துல ஒன்னு நானு."

எத்திராஜ் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தார்.

"குடிசையைப் பூட்டிட்டாங்க. புளியமரத்தடியில இருந்தோம். அரிசி ஆறு நாள் வந்துச்சு. அப்புறம் மழை புடிச்சிக்கிச்சு. பத்தாம் நாள் ஒவ்வொருத்தரா கையைக் கட்டிக்கிட்டு திரும்பக் குவாரிக்கு உள்ள போனாங்க."

"நீ போகலயா?"

"எனக்கு எங்க அக்கா இருந்தா. படுக்க மூலை குடுத்தா, ஒரு மூட்டை கேழ்வரகு குடுத்தா, ஒரு ஆடு குடுத்தா. சுட்டிக்கு அம்மா அது."

"உன் வீட்டுக்காரன்?"

"மச்சினிச்சி வீட்டுச் சோறு தொண்டையில எறங்காதுன்னாரு. அவரும் உள்ள போனாரு. மறுவருசம் வெடியில போயிட்டாரு."

எத்திராஜ் கரம்பில் மேய்ந்துகொண்டிருந்த சுட்டியைப் பார்த்தார்.

"என் மேல உனக்குக் கோபம் இல்லையா?"

"கூழ் ஆறுது, குடிங்க."

நான்காம் நாளும் வந்தார். ஐந்து சுற்றும் நடந்தார். சாயந்தரம் ஆடுகளை அவிழ்க்கும்போது சுட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ஏதோ உதைத்தது.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கெங்கம்மா மறுகோடியில் தழை அறுத்துக்கொண்டிருந்தாள். எத்திராஜ் நான்கு உருப்படியையும் ஒழுங்காகக் கட்டி முடித்து, சுட்டியிடம் வந்தார். அது கழுத்தை நீட்டிப் பச்சையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

சைக்கிளுக்குப் போனார். கேரியரிலிருந்து கொடிக்கயிற்றை எடுத்து வந்தார். ஆறு முழம். ஒட்டுப் போட்டார். பத்தும் ஆறும் பதினாறு. முளையை அதன் இடத்திலேயே விட்டார். மந்தை ஆடுகள் தினம் இறங்கி ஏறுகிற இடம்தானே என்று நினைத்தார். இறங்கட்டும், ஒரு வாய் தின்னட்டும், ஏறட்டும்.

ஒட்டுப் போட்ட கயிற்றின் நுனியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். நடக்க ஓர் அடி எடுத்து வைத்தார்.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் மொபெட் சத்தம் கேட்டது. தசரதன் வந்தான், சங்கச் செயலாளர். குவாரிக்கு விடுமுறை என்று தலைவரைத் தேடி வந்திருந்தான்.

"தலைவரே! என்னா இது, கையில கயிறு? உங்களை யாரு கட்டிப் போட்டா?"

எத்திராஜ் மணிக்கட்டிலிருந்த கயிற்றைச் சட்டென்று அவிழ்த்தார். சுட்டியின் கழுத்தில் மாட்டினார். இரண்டு விரல் வைத்துப் பார்த்தார். முடிச்சு சரியாகத்தான் இருந்தது.

"யாரும் கட்டல. ஆட்டைக் கட்டறேன். வா, டீ குடிக்கலாம்."

ரோட்டோரக் கடையில் உட்கார்ந்தார்கள்.

"நோட்டீஸ் அச்சுக்குக் குடுக்கணும் தலைவரே. வாசகம் சொல்லுங்க."

எத்திராஜ் சொன்னார். சொல்லச் சொல்லச் சூடு ஏறியது. அடிமை விலங்கு, உடைத்தெறி, இழப்பதற்கு ஒன்றுமில்லை. தசரதன் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டே போனான். அட்டை தீர்ந்தது. இரண்டாவது டீ வந்தது.

"எல்லாத்தையும் இன்னொரு வாட்டி யோசிச்சிக்கிறேன். நாளைக்குக் காலையில வா," என்று அவனை அனுப்பிவிட்டு எத்திராஜ் திரும்பினார்.

முளை இருந்தது. சுட்டி இல்லை. கயிறு தரையோடு விறைத்து நேராக ஓடி, விளிம்பைத் தாண்டிக் கீழே போயிருந்தது. ஆடவில்லை.

அவர் விளிம்பில் மண்டியிட்டுப் பார்த்தார். பாறைப் படியின் பச்சை அப்படியே இருந்தது. அதற்கு மேலே சுட்டி தொங்கியது. பின்னங்குளம்புக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். அந்த ஒரு சாணுக்குக் குளம்பால் பாறையைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளைக் கோடு போட்டிருந்தது.

அவர் கூப்பிட்ட சத்தத்தில் கெங்கம்மா வந்தாள். பார்த்தாள். அருவாளைக் கீழே வைத்தாள். இருவரும் சேர்ந்து கயிற்றை இழுத்து மேலே ஏற்றினார்கள். கெங்கம்மா அதன் வயிற்றில் கை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு கையை எடுத்தாள்.

"நான் நடந்து பார்க்கல," என்றார் எத்திராஜ்.

"தெரியும்."

"அவன் வந்துட்டான். அவன் முன்னால..."

"குழி வெட்டணும். மம்பட்டி அந்தக் கல்லுகிட்ட இருக்கு."

அவர் வெட்டினார். அவள் சுட்டியின் கழுத்திலிருந்த கயிற்றை அவிழ்த்து, ஒட்டை அவிழ்க்காமல், அப்படியே சுருட்டி மரத்தில் மாட்டினாள். புதைத்துவிட்டு மற்ற நான்கையும் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே எத்திராஜ் சைக்கிளை மிதித்தார்.

திங்கட்கிழமை விடியும்போதே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கெங்கம்மா வந்ததும் எழுந்தார்.

"ஒன்னு சொல்லிட்டுப் போயிடறேன் கெங்கம்மா."

"சொல்லுங்க."

"நீ அஞ்சு நாளா என்னா காட்டினியோ அது புரிஞ்சிடுச்சி. கயிறு நீளமாப் போச்சு. பத்து முழத்துலயே விட்டிருந்தா அது உயிரோட நின்னிருக்கும். அன்னிக்குப் பதினோரு குடும்பத்துக்கும் இதைத்தான் பண்ணேன். நான் உள்ள சோறு தின்னேன், நீங்க மழையில நின்னீங்க."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை ஒன்னும் வேணாம்னு சொல்லிடப் போறேன். இருக்கிற எடத்துலயே இருங்க. கூரைக்கு மேல ஆளுக்கு ரெண்டு தகரம் போட்டுக்குங்க. அவ்வளவுதான். இந்த வயசுல இன்னொரு குழி வெட்ட என்னால முடியாது."

கெங்கம்மா செம்மறிகளை ஒன்றையொன்று பார்க்கும்படி கட்டினாள். சுற்று நடந்தாள். வெள்ளாடுகளைக் கட்டினாள். சுற்று நடந்தாள். பிறகு மரத்தில் மாட்டியிருந்த சுட்டியின் கயிற்றை எடுத்தாள். ஒரு நுனியை அதே முளையில் கட்டினாள். மறுநுனியை விளிம்புக்கு இழுத்துப் போய்க் கீழே விட்டாள்.

"இறங்குங்க தலைவரே."

"எங்க?"

"அது எங்க இறங்கப் பார்த்துச்சோ அங்க."

எத்திராஜ் இறங்கினார். ஆடுகள் கால் வைத்த இடங்களில் கால் வைத்து, பாறையைக் கட்டிப் பிடித்து, இரண்டு தடவை சறுக்கி, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு படியில் வந்து நின்றார். புல் கணுக்கால் உயரம் இருந்தது. ஈரமாக இருந்தது. கயிற்றின் நுனி அவர் நெஞ்சுக்கு நேரே காற்றில் ஆடியது.

"நுனி எட்டுதா?" மேலேயிருந்து கெங்கம்மா கேட்டாள்.

"கையில புடிச்சிட்டேன்."

"விடுங்க. ஆட்டுக்குக் கை இல்ல. தலை குனிஞ்சி புல்லைத் தின்னணும்னா கயிறு தரை வரைக்கும் வரணும். தரையிலேர்ந்து அளந்து சொல்லுங்க."

அவர் குனிந்தார். முழங்கையைப் புல்லில் ஊன்றினார். ஒன்று. அதற்கு மேல் ஒன்று. அதற்கு மேல் இன்னொன்று. விரல் நுனி கயிற்றைத் தொட்டது.

"மூணு," என்றார்.

"என்னா மூணு?"

"மூணு முழம் குறையுது."

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. எத்திராஜ் பாறையைப் பார்த்தார். வெள்ளைக் கோடு அங்கே இருந்தது.

"கயிறு நீளம்னு யாரு சொன்னது?" என்று கேட்டாள் கெங்கம்மா.

கீழே புல்லில் மந்தை ஆடுகளின் குளம்புத் தடம் நிறைய இருந்தது. எல்லாம் வந்து, மேய்ந்து, திரும்பிப் போனவற்றின் தடம்.

"உனக்கு மட்டும் எப்படித் தரை எட்டுச்சு?" என்று கேட்டார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே. அக்கா வீடு."

"நாற்பது குடும்பத்துக்கும் அக்காவுக்கு எங்க போறது?"

"கேட்டுப் பார்த்தீங்களா?"

"என்னான்னு?"

"வெளிய வந்தா அன்னிக்கு ராத்திரி எங்க படுப்பீங்கன்னு."

முப்பத்தாறு வருடத்தில் அவர் எத்தனையோ கேள்விகளைக் கூட்டங்களில் கேட்டிருக்கிறார். வருவீர்களா என்று கேட்டிருக்கிறார். கேட்கிறதா, கேட்கிறதா என்று தொண்டை கிழியக் கேட்டிருக்கிறார்.

ரோட்டில் மொபெட் சத்தம் கேட்டது. தசரதன் கரம்பின் குறுக்கே நடந்து வந்து விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தான். தலைவர் பள்ளத்தில், இடுப்பில் மடித்துக் கட்டிய வேட்டியும் சிராய்ந்த முழங்கையுமாக நின்றார். கயிற்று நுனி அவர் கையில் இருந்தது. இந்தத் தடவை அவர் அதை விடவில்லை.

"தலைவரே! அங்க என்னா பண்றீங்க?"

"அளந்துக்கிட்டு இருக்கேன்."

"அச்சுக்காரன் காத்துக்கிட்டு இருக்கான். வெள்ளிக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு. நேத்து சொன்ன வாசகத்தையே குடுத்துடட்டா?"

"வேணாம்."

"அப்ப வேலை நிறுத்தம் இல்லையா?"

எத்திராஜ் நிமிர்ந்து கெங்கம்மாவைப் பார்த்தார். தசரதனும் அவளைப் பார்த்தான்.

"நோட்டீஸ்ல என்னாதான் போடறது?" என்றான்.

கெங்கம்மா அருவாளை எடுத்துக்கொண்டு தழை அறுக்கக் கிளம்பினாள்.

"மூணு முழம் குறையுதுன்னு போடுங்க," என்றாள்.